எம்பிபிஎஸ் படிக்கும்போதே ரிசர்ச்சுக்கு காசு கிடைக்குமா? முக்கூடல் தங்கச்சிக்கு பதில்

முக்கூடல் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அக்கா, நான் கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்ல எம்பிபிஎஸ் ரெண்டாவது வருஷம். அம்மா பீடி சுத்துதாங்க, அடிக்கடி மூச்சு வாங்கும், எங்க தெருவுல நெறைய பேருக்கு அப்படித்தான் இருக்கு. இத வச்சு ஒரு ரிசர்ச் பண்ணணும்னு ஆசை, கைல காசு இல்ல. ஒரு கன்சல்டன்சில 15,000 ரூவா கட்டுனா கிராண்ட் வாங்கித் தாரோம்னு சொல்லுதாங்க, கட்டலாமா? பெரியக்கா எம்எஸ்சி மைக்ரோபயாலஜி முடிச்சிட்டு வீட்ல இருக்கா, அவளுக்கு பிஎச்டி பண்ண ஸ்டைபண்ட் கிடைக்குமா? எங்க டிபார்ட்மென்ட்ல புதுசா சேந்த சார் ஒருத்தரும் அவரு எங்க அப்ளை பண்ணலாம்னு கேக்கச் சொன்னாரு."

அந்த 15,000 ரூவாய கட்டாதீங்கம்மா. உங்களுக்குப் பொருத்தமான ஸ்கீமுக்கு அப்ளிகேஷன் ஃபீஸே கிடையாது, ஆன்லைன்ல நீங்களே போடுறதுதான், நடுவுல யாரும் நின்னு வாங்கித் தர முடியாது. அந்த ஆளுங்க எழுதித் தாறது எங்கேயோ இருந்து எடுத்து ஊர் பேரை மாத்துன ப்ரொபோசலாத்தான் இருக்கும், பாக்குறவங்களுக்கு ரெண்டாவது பத்தியிலேயே தெரிஞ்சு போகும். எதிக்ஸ் கமிட்டியில, அதாவது ஆளுங்கள வச்சுப் பண்ற ஆராய்ச்சி முறையா இருக்கான்னு பாக்குற குழுவுல, உக்காந்து இந்த மாதிரி பேப்பருங்களப் பாத்ததுல சொல்லுதேன். உங்க அம்மா எத்தன பீடிக்கட்டு சுத்துனா அந்தக் காசு வரும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

உங்களுக்கு உள்ளது ஐசிஎம்ஆர், அதாவது மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், குடுக்குற ஷார்ட் டேர்ம் ஸ்டூடண்ட்ஷிப், எல்லாரும் எஸ்டிஎஸ்னு சொல்லுவாங்க. 1979ல இருந்து நடக்குது, எம்பிபிஎஸ், பிடிஎஸ் பிள்ளைகளுக்காகவே ஆரம்பிச்சது. மாசம் 25,000 வீதம் ரெண்டு மாசத்துக்கு 50,000 ரூவா. ஆனா ஒண்ணு நல்லா மனசுல வச்சிக்கிடுங்க, இந்தக் காசு முன்னாடி வராது. ரெண்டு மாசம் வேலைய முடிச்சு, ரிப்போர்ட் எழுதி, அத அவங்க ஏத்துக்கிட்டாத்தான் பணமும் சர்டிபிகேட்டும் வரும், ஸ்டடிக்கு ஆகுற செலவுக்குன்னு தனியா எதுவும் தரமாட்டாங்க. அதனால கைக்காசு ரொம்பப் போகாத மாதிரி ஸ்டடிய யோசிக்கணும், இதத் தெரியாம பெரிய லேப் டெஸ்டெல்லாம் எழுதிக் குடுத்துட்டு செலக்ட் ஆனதுக்கப்புறம் கிட்டு வாங்கக் காசு இல்லாம பாதியில விட்ட பிள்ளைங்க உண்டு.

இப்ப உங்க சப்ஜெக்டுக்கு வாரேன், ஏன்னா எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சிருக்கு. "பீடித் தொழிலாளர்களுக்கு வரும் நோய்கள்"னு எழுதுனீங்கன்னா நல்ல பொருள்தான், ஆனா அத ரெண்டு மாசத்துல யாராலயும் முடிக்க முடியாது. சுருக்குங்க. பத்து வருஷத்துக்கு மேல பீடி சுத்துற பொம்பளைங்க ஊதுற காத்தோட வேகம், அதே தெருவுல பீடி சுத்தாத, அதே வயசு பொம்பளைங்கள விட கொறவா இருக்கா? இது ஒரு கேள்வி. இத அளக்க பீக் ஃப்ளோ மீட்டர்னு ஒரு சின்ன குழாய் போதும், செஸ்ட் டிபார்ட்மென்ட்ல கேட்டா இருக்கும், ஒரு ஆளுக்கு மூணு தடவ ஊதச் சொல்லி அதுல கூடுன அளவ எடுத்துக்கிடுவாங்க. ஆளுக்கு ஒரு வாய்க்குழாய், அட்டையில வரும், அதுதான் செலவு. அப்புறம் பஸ் காசு, ஃபார்ம் ஜெராக்ஸ், அவ்வளவுதான்.

இதுலயும் நம்ம ஊர்ப் பிள்ளைக்குத் தெரியுற விஷயம் ஒண்ணு உண்டு, வெளியூர்ல இருந்து வாறவங்களுக்குத் தெரியாது. மடியில சொளவ வச்சி இலையும் தூளுமா உக்காந்திருக்குற நேரத்துல போயி "ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க"ன்னு கூப்பிட்டா யாரும் எந்திரிக்க மாட்டாங்க, அன்னைக்குக் கணக்கு கொறஞ்சிரும். பீடிக் கடையில ஒப்படைச்சிட்டுத் திரும்புற நேரம் பாத்துப் போங்க. ஒரு நாளைக்கு எத்தன பேர ஒழுங்காப் பாக்க முடியும்னு நாலு நாள் சும்மா போயி உக்காந்து பாத்துட்டு, அதுக்குப் பெறகு சாம்பிள் சைஸ பத்தி, அதாவது மொத்தம் எத்தன பேரப் பாக்கணும்னு, உங்க கைடோட (வழிகாட்டுற ஆசிரியரோட) பேசுங்க. இன்னொண்ணு, சில வீட்ல வெறகடுப்பு இருக்கும், சில வீட்ல வீட்டுக்காரரு உள்ளேயே பீடி குடிப்பாரு, மூச்சுக்கு அதுவும் காரணம்தான, அதையும் ஃபார்ம்ல கேட்டுருங்க, இல்லாட்டி வித்தியாசம் வந்தாலும் எதனாலன்னு சொல்ல முடியாது. உங்க அம்மாவ மட்டும் லிஸ்ட்ல சேக்காதீங்க, சொந்த வீட்டு ஆள ஸ்டடில சேத்தா கேள்வி வரும். அவங்கள நேரா செஸ்ட் ஓபிக்குக் கூட்டிட்டுப் போயி காட்டுங்க, அது இந்த ரிசர்ச்சுக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டிய விஷயம் இல்ல.

கைடு இல்லாம எஸ்டிஎஸ் கிடையாது. உங்க காலேஜ்லயே முழு நேரமா வேலை பாக்குற ஃபேக்கல்டியா இருக்கணும், ஒரு கைடு ஒரு பிள்ளைக்குத்தான் கையெழுத்துப் போட முடியும், அதனால அறிவிப்பு வந்ததுக்கப்புறம் ஓடுனா நல்ல சார் மேடமெல்லாம் வேற பிள்ளைகளுக்கு ஒத்துக்கிட்டு இருப்பாங்க. இப்பவே போங்க. கம்யூனிட்டி மெடிசின், செஸ்ட், ரெண்டுல எதுனாலும் உங்களுக்குச் சரி. போகும்போது "சார், ஏதாவது டாபிக் குடுங்க"ன்னு போயி நிக்காதீங்க, மேல சொன்ன அந்தக் கேள்விய ஒரே ஒரு பக்கத்துல எழுதி எடுத்துட்டுப் போங்க. புதுசா சேந்த சார் கேக்கச் சொன்னாருன்னு சொன்னீங்கல்ல, அவரே ஒத்துக்கிட்டா இன்னும் நல்லது, புதுசா வந்தவங்களுக்கு பிள்ளைங்களோட உக்காந்து பேச மனசும் நேரமும் கூட இருக்கும்.

எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்காம ஒரு ஆளக் கூட ஊதச் சொல்லக் கூடாது. கமிட்டி தெனமும் கூடுறது இல்ல, அடுத்த மீட்டிங் என்னைக்குன்னு மெம்பர் செகரட்டரி ஆபீஸ்ல கேட்டு அதுக்கு முன்னாடி பேப்பரக் குடுத்துருங்க. பிள்ளைங்களுக்கு பேப்பர் திரும்பி வாறது பெரும்பாலும் சம்மதப் படிவத்தாலதான். இங்கிலீஷ்ல எழுதுனத அப்படியே தமிழ்ப்படுத்தி "நுரையீரல் செயல்திறன் மதிப்பீடு"ன்னு போட்டா பீடி சுத்துற அக்காவுக்கு என்ன புரியும்? "இந்தக் குழாயில மூச்ச இழுத்து வேகமா ஊதணும், வலிக்காது, லேசா தல சுத்தலாம், வேண்டாம்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கிடலாம், உங்க பேர வெளிய சொல்ல மாட்டோம்"னு எழுதுங்க. எழுதிட்டு அடுத்த வீட்டு அக்காகிட்ட வாசிச்சுக் காட்டி, என்ன புரிஞ்சுதுன்னு அவங்க வாயால கேளுங்க.

பின்னாடி எம்டி, எம்எஸ்ஸுக்குப் போனா தீசிஸுக்கும் ஐசிஎம்ஆர் பணம் குடுக்குது, காசநோய் சம்பந்தமான தீசிஸ்னா தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்துலயும் குடுக்காங்க, அத அப்ப பாத்துக்கிடலாம்.

பெரியக்கா விஷயம். வீட்ல சும்மா இருக்கான்னு எழுதியிருக்கீங்க, அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு, ஏன்னா எம்எஸ்சி மைக்ரோபயாலஜிக்கு வழி நெறைய இருக்கு. நேரான வழி ஜேஆர்எஃப், அதாவது பரீட்சை எழுதி வாங்குற, பிஎச்டிக்கான மத்திய அரசு உதவித்தொகை. அதுக்கான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் பரீட்சையில லைஃப் சயின்சஸ் எழுதலாம், வருஷத்துக்கு ரெண்டு தடவ வரும், ஐசிஎம்ஆர் ஜேஆர்எஃப் பரீட்சை தனியா உண்டு. பாஸ் பண்ணி பிஎச்டில சேந்தா மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000, 2023 ஜனவரியில இருந்து இந்தக் கணக்கு, வீட்டு வாடகைப் படி தனி. சிலர் ஜேஆர்எஃப் வாங்குன உடனே காசு வந்துரும்னு நெனைக்காங்க, அப்படி இல்ல, யுனிவர்சிட்டில எடம் புடிச்சு, கைடு கெடைச்சு, சேந்ததுக்கப்புறம்தான் ஓடும், அவார்ட் லெட்டருக்கும் காலக்கெடு இருக்கு. அதனால படிக்கும்போதே அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டில யாரு எந்த வேலை பாக்காங்கன்னு விசாரிச்சு வைக்கச் சொல்லுங்க. எம்எஸ்சில யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் ரேங்க்னா மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையான டிஎஸ்டியோட இன்ஸ்பயர் ஃபெலோஷிப்பும் போடலாம்.

நெட் கிடைக்குற வரைக்கும் வீட்ல இருக்கணும்னு இல்ல. சென்னையில காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நோய் பரவுறத ஆராயுற எபிடமியாலஜி நிறுவனம் ரெண்டும் ஐசிஎம்ஆரோடது, கொசு சம்பந்தமா மதுரையிலேயே ஐசிஎம்ஆர் ஃபீல்ட் ஸ்டேஷன் இருக்கு. இந்த மாதிரி எடங்கள்ல ப்ராஜெக்ட் வேலைக்கு வாக்-இன் இன்டர்வியூ வைப்பாங்க, நெட் கேக்காத போஸ்டும் உண்டு. நம்ம திருநெல்வேலி ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ்ல வைரஸ் லேப் இருக்கு, அங்கயும் விசாரிக்கலாம். ஒரு வருஷம் லேப் பெஞ்ச்ல கை பழகிட்டுப் போனா பிஎச்டி இன்டர்வியூல பேச்சே வேற மாதிரி இருக்கும். சாதிவாரியா மத்திய அரசு ஃபெலோஷிப் தனித்தனியா இருக்கு, எஸ்சிக்கு ஒண்ணு, ஓபிசிக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் நெட் மார்க் வேணும். தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைங்க முழுநேர பிஎச்டி பண்ணா வருஷத்துக்கு 1 லட்சம் ஊக்கத்தொகை குடுக்கு. ஒரே நேரத்துல ரெண்டு ஃபெலோஷிப் வாங்க முடியாது, எது கூடவோ அத எடுத்துக்கிடணும். ஜேஆர்எஃப்ல வயசு வரம்பு உண்டு, பொம்பளப் பிள்ளைகளுக்குத் தளர்வு இருக்குதான், ஆனாலும் அடுத்த நோட்டிபிகேஷனத் தவற விட வேண்டாம்.

சாருக்கு. ஐசிஎம்ஆர் வெளி நிறுவனங்கள்ல உள்ளவங்களுக்குக் குடுக்குற எக்ஸ்ட்ராமியூரல்ல சின்ன கிராண்ட்னு சொல்லுறதே 2 கோடி வரைக்கும் போகும், புதுசா சேந்தவரு அவ்வளவு கேக்கணும்னு அவசியம் இல்ல, கேள்விக்கு ஏத்த அளவு கேட்டாத்தான் நம்புவாங்க. சுகாதார ஆராய்ச்சித் துறையோட ஸ்கீம்களையும் பாக்கட்டும். 2023 சட்டத்துல வந்த ஏஎன்ஆர்எஃப்ங்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிதி அமைப்புதான் பழைய செர்ப் எடத்துல இப்ப இருக்கு, பழைய செர்ப் ஃபார்மேட்ட யாராவது குடுத்தா அத நம்பி எழுதிறாதீங்க. 2008ல ஆரம்பிச்ச இந்தியா அலையன்ஸ், அதாவது மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையான டிபிடியும் பிரிட்டன்ல உள்ள வெல்கம் அறக்கட்டளையும் சேந்து நடத்துறது, டாக்டர்களுக்குன்னே கிளினிக்கல், பப்ளிக் ஹெல்த் ஃபெலோஷிப் வச்சிருக்கு, போட்டி ரொம்ப ஜாஸ்தி, ஆனா கெடைச்சா அஞ்சு வருஷம் நிம்மதியா வேலை பாக்கலாம். வெளிநாட்டுக் காசோ வெளிநாட்டு ஆட்களோட கூட்டோ இருந்தா ஹெல்த் மினிஸ்ட்ரி ஸ்க்ரீனிங் கமிட்டி அனுமதியும் வேணும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும்னு முன்னாலயே டைம்லைன்ல போட்டுறணும். மருந்தோ சிகிச்சையோ குடுத்துப் பாக்குற ட்ரயல்னா மொத ஆளச் சேக்குறதுக்கு முன்னாடியே ட்ரயல்களுக்கான தேசியப் பதிவேடான சிடிஆர்ஐல பதியணும், பதிவு இலவசம்.

நல்ல ப்ரொபோசல் பட்ஜெட்ல அடிபடும். 190 பேருக்கு எலைசாங்கிற லேப் டெஸ்ட் பண்ணணும், ஒரு கிட்டுக்கு ஒரு ப்ளேட், ஒரு ப்ளேட்ல 96 குழி, அப்ப ரெண்டு கிட்டு போதும்னு எழுதுவாங்க. ஒவ்வொரு ப்ளேட்லயும் டெஸ்ட் சரியா ஓடுதான்னு பாக்குற கன்ட்ரோலுக்கே அஞ்சாறு குழி போயிரும், சந்தேகமா வந்த சாம்பிளத் திரும்ப ஓட்டணும், அப்ப மூணு கிட்டு வேணும். லேப் தெரிஞ்ச ரிவியூவர் அந்த ஒரு வரியப் பாத்தே இவரு இத கையால செஞ்சு பாத்ததில்லன்னு முடிவு பண்ணிருவாரு. மூணையும் ஒரே நாள்ல வாங்கிறவும் கூடாது, ஆள் சேருறது லேட்டாச்சுன்னா கிட்டு எக்ஸ்பயரி ஆயிரும்.

பணம் சார் அக்கவுண்டுக்கு வராது, காலேஜுக்குத்தான் வரும். கிராண்ட் ஆர்டர் வந்த உடனே டீன் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல உள்ளவங்களப் பாத்து அந்த ப்ராஜெக்டுக்குத் தனிக் கணக்கு வைக்கச் சொல்லட்டும். ஆள் சம்பளத்துக்கு வந்தத பயணத்துக்குச் செலவழிக்கக் கூடாது, மாத்தணும்னா முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கணும், பேங்க் வட்டி வந்தா அதையும் கணக்குல காட்டணும். மார்ச் 31 முடிஞ்சதும், பணத்த எதுக்குச் செலவழிச்சோம்னு காட்டுற யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் போகலன்னா அடுத்த தவணை அப்படியே நின்னுரும், ப்ராஜெக்ட்ல இருக்குற பிள்ளைகளுக்குச் சம்பளம் வராது. அதனால பில்லெல்லாம் மார்ச்ல தேடாம மாசா மாசம் ஹெட் வாரியா, அதாவது சம்பளம், பயணம்னு தலைப்பு வாரியா, எழுதி வச்சிரணும், ஒரு சாதாரண எக்செல் ஷீட்டே இதுக்குப் போதும்.