செவலையை யாரிடம் விட்டு வருவது?

அன்புள்ள ஐயா,

காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 72. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அப்பா தவறிய பிறகு மாடுகளை விற்றுவிட்டோம். இப்போது அவருக்குத் துணை செவலை என்கிற நாட்டு நாய்தான். திருப்பூரில் எங்கள் அப்பார்ட்மெண்ட்டுக்கு வந்துவிடச் சொன்னால், “செவலைய ஆருகிட்ட உட்டுப்போட்டு வர்றது சாமி?” என்கிறார். இங்கே அசோசியேஷன் நாய் வளர்க்க விடாது. நாயெல்லாம் சாக்கு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஒரு நாய்க்காகப் பெற்றவள் தனியாகக் கிடக்க வேண்டுமா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வளர்ப்புப் பிராணிகளால் வயதானவர்களுக்கு நன்மை என்று படிக்கிறோமே, அது உண்மையா? நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

செவலை சாக்கு இல்லை. அம்மா சொன்ன காரணம்தான் காரணம். அதை அப்படியே நம்புங்கள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடியலில் கட்டுத்தரைக்குப் போய்ச் சாணி வழித்து, சோளத்தட்டு அள்ளிப் போட்டு, பால் கறந்து, தண்ணி காட்டி வாழ்ந்தவராகத்தான் உங்கள் அம்மா இருப்பார். கொழுக்கட்டைப்புல் முளைத்த கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் கிளுவை வேலியும் உள்ள அந்தச் சீமையில் மாட்டைப் பார்த்துக்கொண்டுதான் மனிதர்களின் பொழுது விடிந்தது, சாய்ந்தது. பட்டிப்பொங்கலன்று மாட்டுக்கு ஊட்டிவிட்ட பிறகுதான் நமக்குச் சோறு. அப்பா போனார், பிறகு மாடுகளும் போயின. அந்த வீட்டில் பசி என்று அம்மாவின் முகத்தைப் பார்க்க இன்று மிச்சமிருக்கும் ஒரே உயிர் செவலை.

இதில் உங்கள் கண்ணுக்குப் படாத ஒன்று இருக்கிறது. தனியாக இருக்கும் நம் வீட்டுப் பெண்கள் தமக்காக மட்டும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. ஒரு டீ, ரெண்டு வர்க்கி, பொழுது போய்விடும். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வரும், அது ஆபத்து. நாய் வாசலில் வந்து நின்றால் சோறு வடித்தே ஆக வேண்டும். வடித்தவர் தானும் ஒரு வட்டல் போட்டுச் சாப்பிடுவார். காலையில் அதன் பின்னால் வேலிவரைக்கும் ஒரு நடை, நாள் முழுக்க அதோடு பேச்சு. எந்த டாக்டரும் எழுதித் தரக்கூடியதைத்தான் செவலை செய்துகொண்டிருக்கிறது.

ஆராய்ச்சி கேட்டீர்கள். 1980இல் எரிகா ஃப்ரீட்மன் குழுவினர் அமெரிக்காவில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இதய நோயால் மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். வீட்டில் பிராணி வைத்திருந்த 53 பேரில் இறந்தவர்கள் 3. பிராணி இல்லாத 39 பேரில் 11. சின்னக் கணக்குதான். 2017இல் ஸ்வீடனில் 34 லட்சம் பேரின் 12 வருடப் பதிவுகளைப் பார்த்தபோது, தனியாக வாழ்கிறவர்களில் நாய் வைத்திருந்தவர்களுக்கு மரண அபாயம் 33 சதவீதம் குறைவாக இருந்தது. குடும்பத்தோடு இருப்பவர்களிடம் அந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். ஆள் குறைந்த வீட்டில்தான் நாயின் பங்கு கூடுகிறது. ஜப்பானில் இன்னொன்றைக் கண்டார்கள், 2015இல். நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் இருவரிடமும் கூடுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே சுரக்கிற அதே ஹார்மோன்.

இதையெல்லாம் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திடமாக இருப்பவர்கள்தான் நாய் வளர்க்கவே முன்வருகிறார்கள் என்றும் வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. இதயத்துக்கு நல்லது என்பதற்காக மட்டும் யாரும் நாய் வாங்க வேண்டாம் என்று அமெரிக்க இதய சங்கமே 2013இல் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் புதிதாக ஒன்றை வாங்கவில்லை, இருப்பதைப் பிரிக்கலாமா என்று கேட்கிறீர்கள். பிரிக்காதீர்கள்.

அம்மா வருவதானால் செவலையும் வரட்டும். வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பான்மை கிடைத்தாலும் அசோசியேஷன் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் வருட வழிகாட்டுதல் சொல்கிறது. அதை நீட்டிச் சண்டைக்குப் போக வேண்டாம். சங்கிலி போட்டுக் கூட்டிப் போவோம், அசுத்தத்தை நாங்களே எடுப்போம், ஊசி போட்ட சீட்டு இதோ என்று நாலு பேரிடம் தன்மையாகப் பேசுங்கள். ஆனாலும் தோட்டம் முழுக்க ஓடித் திரிந்த நாய் மாடி வீட்டில் ஒடுங்கிவிடக்கூடும், அம்மாவும்தான். பத்து நாள் இரண்டு பேரையும் அழைத்து வந்து வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தோட்டமே சரி என்று தோன்றினால், நாயால் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய முடியாது என்பதை மறக்காதீர்கள். தினமும் எட்டிப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரைப் பேசி வையுங்கள். செவலை அம்மாவின் கட்டிலடியில் படுக்காமல் வாசலில் படுக்கட்டும். ராத்திரி எழும்போது கால் இடறி விழுந்தால் இடுப்பெலும்பு தாங்காது. வருடா வருடம் கால்நடை மருந்தகத்தில் வெறிநாய்த் தடுப்பூசி போடுங்கள். நகம் கீறினாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். போனில் மாத்திரை போட்டாச்சா என்று தொடங்காமல், செவலை என்ன பண்ணுது என்று கேளுங்கள். நிறையப் பேசுவார்.

செவலைக்கு வயது என்னவென்று நீங்கள் எழுதவில்லை. பத்தை நெருங்கியிருந்தால் இப்போதே யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது போகும் நாளில் நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். லீவு போட்டுப் போங்கள். தோட்டத்திலேயே ஒரு குழி வெட்டி அடக்கம் செய்யுங்கள். நாய்தானே என்று யாரும் அம்மாவிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளே ஒரு குட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடவும் வேண்டாம். எப்போது, எந்தக் குட்டி என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்.