ஆடு மேய்க்கவா அமெரிக்கா போன?

கேள்வி: அமெரிக்காவில் ஆறாயிரம் பேர் மட்டுமே வாழும் ஒரு கவுண்டித் தலைநகரில் வேலை கிடைத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஊரும் மனிதர்களும் எப்படி இருப்பார்கள்? குழந்தைகளோடு போய் இருக்க முடியுமா?

நீங்கள் டாக்டர், இல்லையென்றால் டாக்டரைக் கட்டிக்கொண்டவர். சரிதானே? ஐடிக்காரர்களை டல்லாஸுக்குக் கூப்பிடுவார்கள். ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வந்து ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) முடித்த டாக்டர்களைத்தான் இந்த மாதிரி ஊர்களுக்குக் கூப்பிடுவார்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும், அல்லது டாக்டர் பஞ்சமுள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் பெயரில் 1994இல் வந்த ஏற்பாடு இது. ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 இடம். டெக்ஸாஸின் முப்பதில் ஒருவராக என் வீட்டுக்காரர் இங்கே வந்தார், பின்னால் பெட்டிகளோடு நானும் பையனும். (விசா விஷயத்தில் என் பேச்சை நம்ப வேண்டாம், வக்கீலைக் கேளுங்கள். போன தடவை ஏதோ எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

எங்கள் ஊர் ஆல்பைன். மேற்கு டெக்ஸாஸ், ப்ரூஸ்டர் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) தலைநகர். 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 6,035, கவுண்டி முழுக்கவே 9,546. பரப்பளவு சுமார் 16,000 சதுர கிலோமீட்டர். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டங்களையும் ஒன்றாக ஒட்டினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். அந்த மூன்றிலும் 80 லட்சம் பேர் இருக்கிறார்கள். இங்கே ஒரு கல்யாண மண்டபக் கூட்டத்தை நாலைந்து முறை கூட்டினால் கவுண்டியே முடிந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 4,475 அடி, கிட்டத்தட்ட ஏற்காடு. ஆனால் ஏற்காட்டுப் பச்சையை எதிர்பார்த்து வராதீர்கள்.

முதல் நாள் மிட்லண்ட் விமான நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேரம் காரில் வந்தோம். ஜன்னல் வழியே பார்த்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வழியெல்லாம் சீமைக் கருவேலம். மணப்பாறைப் பக்கம் எங்கள் கிராமத்தில் எந்த முள்ளைத் தாண்டிப் படித்து வெளியே வந்தேனோ, அதே முள். இங்கே மெஸ்கீட் என்கிறார்கள். நம் ஊர் மரத்துக்குப் பங்காளி, வேறு இனம், ஆனால் அதே இலை, அதே காய். நம்மிடம் வந்ததே இந்தக் கண்டத்திலிருந்துதான். இங்கே அதன் விறகில் மாட்டுக்கறி சுட்டு, அந்தப் புகை வாசனைக்குத் தனி விலை வைக்கிறார்கள்.

கவுண்டித் தலைநகர் என்றால் என்னவென்று கேட்டீர்கள் என்றால், நம் தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ், ஆர்டிஓ, சப்-கோர்ட் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும் ஊர். கவுண்டி உருவானது 1887இல், செங்கல் கோர்ட் கட்டடம் அடுத்த வருடம் எழும்பியது. ஊருக்கு முதலில் மர்ஃபிவில் என்று பெயர். ரயிலுக்குத் தண்ணீர் தந்த ஊற்று மர்ஃபி சகோதரர்களுடைய நிலத்தில் இருந்ததால் அந்தப் பெயர். 1888இல் ஆல்பைன் ஆக்கிக்கொண்டார்கள். ஷெரீஃப் (கவுண்டி போலீஸ் தலைவர்), பத்திரம் பதியும் கிளார்க், வண்டிக்கு வரி வாங்குகிறவர் எல்லாரும் ஓட்டுப்போட்டு வருகிறவர்கள். கவுண்டி ஜட்ஜ் என்று ஒருவர் உண்டு. அவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் பட்ஜெட்டும் சாலையும்தான் பார்ப்பார். ஓட்டுக்கு நிற்கிறவர்கள் என்பதால் கவுண்ட்டரில் யாரும் எரிந்து விழுவதில்லை. கார் பதிவுக்குப் போன முதல் நாளே அந்த அம்மாள் என் பெயரைக் கேட்குமுன், "சாயங்காலம் நடக்கிறவர் நீங்கள்தானே?" என்றார்.

அந்த நடை விவகாரத்தைச் சொல்ல வேண்டும். வந்த புதிதில் தினமும் சாயங்காலம் சுடிதாரில் ஒரு மணி நேரம் நடப்பேன். மூன்றாவது நாள் ஒரு பிக்கப் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. தொப்பிக்காரர் ஏதோ கேட்டார், புரியவில்லை, வேகமாக நடந்தேன். பத்து நிமிடத்தில் இன்னொரு வண்டி. அப்புறம் ஷெரீஃப் ஆபீஸ் வண்டியே வந்தது. நான் வீட்டுக்கு வந்து அழுதேன், இந்த ஊர் வேண்டாம், நிறம் பார்க்கிறார்கள் என்று. உண்மை என்னவென்றால், ஊருக்கு வெளியே சாலையோரம் ஒருத்தி நடந்து போனால் அவள் கார் எங்கோ நின்றுவிட்டது என்றுதான் இங்கே அர்த்தம். மூன்று பேரும் பெட்ரோல் வேண்டுமா என்று கேட்க வந்தவர்கள். உடனே, "வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா போடுகிறாள்" என்று எழுதக் கிளம்பாதீர்கள். எல்லா ஊரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரிலேயே எல்லாம் எப்போதும் நன்றாக இருந்ததில்லை. ரயில் தண்டவாளத்துக்குத் தெற்கே மெக்ஸிக வம்சாவளிக் குடும்பங்கள், வடக்கே மற்றவர்கள் என்று இருந்த ஊர்தான். 26 மைல் மேற்கே பக்கத்துக் கவுண்டித் தலைநகர் மார்ஃபாவில் பிளாக்வெல் என்ற பழைய பள்ளி இருக்கிறது. மெக்ஸிகப் பிள்ளைகளைத் தனியாக வைத்துப் படிக்கவைத்த பள்ளி. 1954இல் அங்கே பிள்ளைகளைத் தாளில் ஸ்பானிஷ் வார்த்தைகளை எழுதவைத்து, பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் புதைக்கவைத்தார்கள். மொழிக்குச் சவ அடக்கம்! 2022இல் அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கச் சட்டம் போட்டார்கள். எதிர்வீட்டுப் பாட்டி என் பையனைப் பார்க்கும்போதெல்லாம், "அம்மாவிடம் உங்கள் மொழியில்தானே பேசுகிறாய்?" என்று விசாரிப்பார். ஏன் அப்படி விசாரிக்கிறார் என்று மார்ஃபா போய்வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

குழந்தைகளோடு முடியுமா என்பதற்கு வருகிறேன். பையனுக்கு ஒன்பது வயதானபோது பள்ளியிலிருந்து பச்சை நிற நாலிலைச் சின்னம் போட்ட தாள் ஒன்றோடு வந்தான். 4-எச் சங்கம். கவுண்டி விவசாய அலுவலர் நடத்துவது. கோடையில் ஒரு குட்டி வாங்கி, ஆறேழு மாதம் வளர்த்து, ஜனவரியில் கவுண்டி கால்நடைக் காட்சியில் நிறுத்த வேண்டும். பன்றி, செம்மறி, காளைக்கன்று, வெள்ளாடு எதுவானாலும் சரி. "அம்மா, ஆடு" என்றான்.

எங்கள் பள்ளியில் கணக்கு வராத பையன்களைப் பார்த்து ஒரு வாத்தியார் தினமும், "நீயெல்லாம் ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பார். எங்கள் தாத்தா ஆடு மேய்த்தவர். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை அடைக்கும். அதற்காகவே படித்து, திருச்சியில் சிவில் இன்ஜினீயரிங் முடித்து, விசா கட்டுப்பாட்டில் வேலைக்கும் போக முடியாமல், கடைசியில் டெக்ஸாஸில் ஆட்டுக்குத் தண்ணி காட்டுகிறேன். அம்மாவிடம் வீடியோவில் குட்டியைக் காட்டியதும், "ஏண்டி, ஆடு மேய்க்கவா அமெரிக்கா போன?" என்றார். அடுத்த மூச்சிலேயே, "எத்தனை பல்லு?" என்று கேட்டார்.

போயர் இனம். உடம்பு வெள்ளை, தலை செம்மண் நிறம், தொங்கும் காது. நம் ஊர்ப் பண்ணைகளில்கூட இப்போது போயர் கலப்பு வந்துவிட்டது. விற்கப்போகும் ஆட்டுக்குப் பெயர் வைக்காதே என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் மணி என்று வைத்தான். ஊர்க்காரர்களுக்கு அது 'மனி' என்று காதில் விழுந்து, டாக்டர் வீட்டில் ஆட்டுக்குப் பணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்ற கதை தீவனக் கடை வரை பரவிவிட்டது. காலையில் பள்ளிக்கு முன் தீவனம், சாயங்காலம் சங்கிலியில் பிடித்து அரை மைல் நடை. பொட்டலத் தீவனம் மட்டும்தான் போட வேண்டும் என்று அலுவலர் சொல்லியிருந்தார். அம்மா, "கருவக்காய் போடு, சதை புடிக்கும்" என்று போனில் நச்சரித்ததில், யாருக்கும் தெரியாமல் பின்பக்கத்து மெஸ்கீட் காயில் ஒரு கை அள்ளிப் போட்டேன். மணி அதைத் தின்ற வேகத்தைப் பார்க்க வேண்டுமே. மீந்த காய்களுக்கு ஹாவெலினாக் கூட்டம் வந்து என் கத்தரிச் செடிகளையும் சேர்த்து முடித்துவிட்டுப் போனது. பார்க்கக் காட்டுப்பன்றி மாதிரி இருக்கும், நாற்றம் அதைவிட மோசம்.

காட்சி நாளில் மணியின் எடை 92 பவுண்டு, 42 கிலோ. மரத்தூள் பரப்பிய வளையத்தில் ஏழு பிள்ளைகள், கஞ்சி போட்ட சட்டை, பூட்ஸ். பையன் தன் காலை ஆட்டின் நெஞ்சில் முட்டுக்கொடுத்து நின்றான். ஆடு எதிர்த்துத் தள்ளும்போது முதுகுச் சதை கல் மாதிரி இறுகும். நடுவர் கையை வைத்து முதுகெலும்பு நெடுக அமுக்கிப் பார்ப்பார். எங்கள் தாத்தா சந்தையில் அதே இடத்தில்தான் கை வைப்பார். பையனுக்கு நாலாம் இடம். அதன் பிறகு ஏலம். எனக்கு பஞ்சர் ஒட்டிக்கொடுத்த டயர் கடைக்காரர் கையை இறக்கவே இல்லை. 900 டாலருக்கு முடிந்தது. அம்மாவிடம் அன்றைய கணக்கில் 75,000 ரூபாய் என்றேன். "நாப்பத்திரெண்டு கிலோ உயிரெடைக்கு முக்கால் லட்சமா? யாருடி அந்தக் கேனையன்?"

அது ஆட்டின் விலை இல்லை என்று விளக்க எனக்கு நேரம் பிடித்தது. சந்தை விலை தனி. இது பிள்ளையின் படிப்புக்கு ஊர் போடும் பணம். "அட, மொய்யா? அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்றார் அம்மா. அதேதான். நோட்டில் எழுத மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வருடம் அந்த டயர்கடைக்காரரின் பேத்தி செம்மறியோடு நின்றபோது, வீட்டுக்காரரும் அவரோடு வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து கை தூக்கினோம்.

ஏலம் முடிந்த அன்று ராத்திரி மணியை லாரியில் ஏற்றியபோது பையன் அழவில்லை. காரில் ஏறி, வீடு வரும்வரை சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டே வந்தான். சோறு வேண்டாம் என்றான். நாங்கள் கறி சாப்பிடுகிற குடும்பம்தான், சாப்பிடாதவர்கள் திட்ட வேண்டாம். அவன் மட்டும் இரண்டு மாதம் தொடவில்லை. இந்த வருடம் மறுபடியும் ஒரு குட்டி வாங்கியிருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன் என்கிறான்.

நடுவில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டெக்ஸாஸ் என்றதும், "ஹூஸ்டன்ல நம்ம மச்சான் இருக்கான், இதை மட்டும் கொடுத்துடு" என்பவர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஹூஸ்டன் எங்களுக்கு ஒன்பது மணி நேரக் கார்ப் பயணம். போன முறை என் 23 கிலோ பெட்டியில் என் சாமான் ஒன்பது கிலோதான். மிச்சமெல்லாம் அடுத்தவர் முறுக்கும் மாவடுவும். பார்சலில் அனுப்பிவைத்தால், "முறுக்கு நொறுங்கிப்போச்சே" என்று ஒரு குறுஞ்செய்தி. நன்றி என்று ஒரு வார்த்தை? கிடையாது.

சரி, உங்கள் விஷயம். நம் மளிகைக்கு நாங்கள் போவது எல் பாசோ. மூன்றேகால் மணி நேரம் ஓட்டினால் கடிகாரத்தில் இரண்டேகால்தான் ஆகியிருக்கும், அங்கே நேர மண்டலம் வேறு. திரும்பும்போது அந்த ஒரு மணியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அரிசி, பருப்பு இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்குங்கள். தெற்கே பிக் பெண்ட் தேசியப் பூங்கா பார்த்துவிட்டு வரும்போது எல்லைக் காவல் சாவடியில் குடியுரிமை கேட்பார்கள். பாஸ்போர்ட்டும் ஐ-94 தாளும் (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) காரிலேயே இருக்கட்டும். ரயிலை நம்பாதீர்கள். சன்செட் லிமிடெட் வாரத்துக்கு மூன்று நாள்தான், அதுவும் அது நினைத்த நேரத்தில்தான் வரும். எதிரே வருகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினால் அது வணக்கம். நீங்களும் தூக்க வேண்டும். நான் தெரியாமல் இரண்டு மாதம் தூக்காமல் இருந்து, டாக்டர் வீட்டம்மாவுக்குத் தலைக்கனம் என்று பெயர் வாங்கினேன். அமாவாசை ராத்திரி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். தெருவிளக்குக்கெல்லாம் தொப்பி போட்டிருக்கிறார்கள், பக்கத்து மலையில் மெக்டொனால்ட் வானாய்வகம் இருப்பதால். பால்வீதியை என் பையன் முதலில் மேகம் என்றுதான் நினைத்தான்.

உங்கள் வீட்டில் இருவருக்கும் கார் ஓட்டத் தெரியுமா? ஒருவருக்குத்தான் தெரியும் என்றால் இன்னொருவருக்கு இப்போதே கற்றுக்கொடுங்கள். இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நான் நடந்தே மாட்டிக்கொண்டவள்.