பழைய புல்லட்டில் நெடும்பயணம்: எந்த டயர் பொருந்தும்?

கேள்வி: என் தந்தையார் 2003-இல் வாங்கிய புல்லட் ஸ்டாண்டர்டு 350 வண்டிக்கு எஞ்சின் வேலை முடித்து மறுபடியும் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். இரு சக்கரங்களிலும் 3.25-19 அளவு டயர்கள். பட்டன் (சாலையைப் பற்றும் டயர் மேற்பரப்பின் வெட்டுத் தடங்கள்) பாதிக்கு மேல் இருக்கிறது. பக்கச்சுவரில் 2814 என்று ஓர் எண் உள்ளது. மனைவியுடன் பொள்ளாச்சி வழியாக வால்பாறைக்கும், பிறகு இன்னும் நீண்ட பயணங்களுக்கும் போக எண்ணம். டயர் கடையில் பின்சக்கரத்துக்கு 100/90-19 போட்டு, அப்படியே ட்யூப்லெஸ் ஆக்கிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா? (கோவை வாசகர்)

பதில்: முதலில் அந்த 2814 என்ற எண்ணைப் பார்ப்போம். அது டயர் தயாரான காலம்: 2014-ஆம் ஆண்டின் 28-ஆவது வாரம். டயர் ஓடாமல் நின்றாலும் ரப்பர் நிற்காமல் மூப்படைகிறது. அதிலுள்ள எண்ணெய்ப் பசை வற்றி, காற்றும் வெயிலும் பட்டு இறுகிவிடுகிறது. தயாரிப்பாளர்கள் பலரும் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டுகளைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இரு சக்கர வண்டியின் டயருக்குச் சட்டம் கேட்கும் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டர்தான், உங்கள் டயர் அந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். ஆனால் ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், அதுவும் சாரல் நனைத்த தார்ச்சாலையில், இறுகிய ரப்பர் பிடிக்காது. ஆகவே இரண்டையும் மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இனி அளவு. 3.25-19 என்பதில் முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். இரண்டுமே அங்குலக் கணக்கு. இதற்கு ஈடாக 90/90-19 என்ற மில்லிமீட்டர் அளவை (அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 விழுக்காடு, ரிம் 19 அங்குலம்) தருவது கடைகளில் வழக்கம். விட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால் முன்சக்கரத்துக்கு அது சரியே. பின்சக்கரத்துக்கு அதை ஏற்பதற்கு முன், அளவை அடுத்துப் பொறித்திருக்கும் சுமைக் குறியீட்டை அவசியம் படியுங்கள். 90/90-19 டயர்களில் அது பொதுவாக 52, அதாவது 200 கிலோ, 3.25-19 டயரில் 54, அதாவது 212 கிலோ. உங்கள் வண்டியைச் சுமார் 170 கிலோ என்றும், இருவரையும் 140 கிலோ என்றும், பைகளை 20 கிலோ என்றும் கொண்டால் மொத்தம் 330 கிலோ ஆகிறது. பின்னால் ஆள் அமர்ந்து பையும் கட்டிய நிலையில் அதில் ஏறத்தாழ அறுபது முதல் அறுபத்தைந்து விழுக்காடு பின்சக்கரத்தின் மேல் இறங்கும். அது 200 கிலோவைத் தொட்டுவிடுகிறது. மேலும், டயரில் பொறித்த சுமை என்பது அதில் குறித்துள்ள உச்சக் காற்றழுத்தத்தில் தாங்கும் சுமையே தவிர, நாம் வழக்கமாக அடிக்கும் காற்றில் தாங்குவது அன்று. எனவே பின்சக்கரத்துக்கு என் பரிந்துரை 3.50-19, சுமைக் குறியீடு 57, அதாவது 230 கிலோ. புல்லட் 500-இல் பின்சக்கரத்துக்கு வந்த அளவும் இதுவே என்பதால், இது வண்டியின் இயல்புக்குப் புறம்பான மாற்றம் அன்று. டயர் சற்று உயரமாக இருக்கும். மாட்டிய பின் செயின் கவரிலும் மட்கார்டிலும் உரசாமல் சுழல்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகக் குறியீட்டு எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மணிக்கு 150 கிலோமீட்டரைக் குறிக்கும் P எழுத்தே இந்த வண்டிக்குத் தாராளம்.

கடைக்காரர் சொல்லும் 100/90-19 வேண்டாம் என்பதற்குக் காரணம் ரிம்மின் அகலம். பழைய புல்லட்டின் ரிம் டபிள்யூ.எம். 2 வகை, 1.85 அங்குல அகலமுடையது. 100/90 அளவு டயர் குறைந்தது 2.15 அங்குல ரிம்மைக் கேட்கும். குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் அதன் ஓரங்கள் இரண்டும் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி கூம்பியதுபோல் எழும்பிவிடும். நேர்ச்சாலையில் நடுப்பகுதி விரைவில் தேயும். வளைவில் வண்டி சீராகச் சாயாமல் ஒரு கட்டத்தில் சட்டென்று விழுவதுபோல் சாயும். பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மலைப்பாதையில் பின்னால் மனைவியை வைத்துக்கொண்டு ஓட்டுபவருக்கு அந்தக் கம்பீரத்தால் பயன் ஏதுமில்லை.

ட்யூப்லெஸ் ஆக்குவதையும் கைவிடுங்கள். கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு ஸ்போக்கும் ரிம்மைத் துளைத்துக்கொண்டுதான் நிற்கிறது. பசையாலும் டேப்பாலும் அத்தனை துளைகளையும் அடைத்தாலும், ட்யூப்லெஸ் ரிம்மில் டயர் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் மேடு இந்தப் பழைய ரிம்மில் கிடையாது. காற்று குறைந்த நேரத்தில் டயர் இடம்விட்டு நழுவ அது வழிவகுக்கும். ட்யூப் டைப் டயரையே கேட்டு வாங்குங்கள். அதனுடன் அதே அளவில் புது ட்யூப்பும், ஸ்போக் முனைகள் ட்யூப்பில் குத்தாதபடி புது ரிம் டேப்பும் போடுங்கள். புது டயருக்குள் பழைய ட்யூப்பை மாட்டிச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதை நான் பல இடங்களில் பார்க்கிறேன். டயரோடு சேர்ந்து நீண்டு பழகிய ட்யூப் புது டயருக்குள் மடிந்துகொள்ளும். மடிந்த இடமே பிறகு கிழியும்.

பட்டன் வடிவத்தில் முன்சக்கரத்துக்கு நீளவாக்கில் கோடு கோடாக ஓடும் ரிப் வகையையும், பின்சக்கரத்துக்குச் சாலைக்கான சாதாரணப் பட்டனையும் தேர்ந்தெடுங்கள். ரிப் டயர் நேராகச் செல்வதிலும் திசைதிருப்பும்போது பக்கவாட்டில் பிடிப்பதிலும் நம்பகமானது. இரு சக்கரங்களும் ஒரே விட்டம் என்பதால் தேய்ந்த பின் டயரை முன்னுக்கு மாற்றும் பழக்கம் பழைய புல்லட் வைத்திருப்போரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாங்கும்போது அந்த நான்கு இலக்க எண்ணை நீங்களே படித்து, ஓராண்டுக்குள் தயாரான டயராகவும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகவும் பார்த்து எடுங்கள். 19 அங்குல டயர் எல்லாக் கடையிலும் வேகமாக விற்பதில்லை என்பதால் பழைய இருப்பைத் தள்ளிவிட வாய்ப்புண்டு. டயரைக் கழற்றிய நேரமே ரிம்மில் துரு இருக்கிறதா என்று பார்க்கவும், தளர்ந்த ஸ்போக்குகளை முறுக்கி வீல் கோட்டம் எடுக்கவும் ஏற்ற நேரம். மாட்டும்போது டயரிலுள்ள அம்புக்குறி சுழலும் திசையை நோக்கியிருக்க வேண்டும்.

காற்றைப் பொறுத்தவரை, பழைய புல்லட் கையேடு தனியே ஓட்டும்போது முன்னே 18, பின்னே 28 பவுண்டும் (சதுர அங்குலத்துக்கு, அதாவது பி.எஸ்.ஐ.), இருவர் செல்லும்போது 20, 30 பவுண்டும் சொல்கிறது. பைகளும் கட்டிய பயணத்தில் பின்னே இரண்டு பவுண்டு கூட்டிக்கொள்ளலாம். காலையில் டயர் சூடேறுவதற்கு முன் பாருங்கள்; மலையிலிருந்து இறங்கிய சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால், முதல் 150 கிலோமீட்டரை கோவையைச் சுற்றியுள்ள காய்ந்த சாலையில், அதிகம் சாய்க்காமலும் திடீர் பிரேக் போடாமலும் ஓட்டி முடியுங்கள். அதன்பின் ஸ்போக் இறுக்கத்தையும் செயின் தளர்வையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஆழியாறு பக்கம் வண்டியைத் திருப்புங்கள்.