'நாயை அகற்றுங்கள்' என்று மனு எழுதாதீர்கள்

கேள்வி: நாங்கள் பேரூராட்சிப் பகுதியில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டில் ராஜபாளையம் கலப்பு நாய் ஒன்று இருக்கிறது. பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும். இரவில் விடிய விடியக் குரைக்கும். கேட் திறந்திருந்தால் தெருவில் போகிறவர்களைத் துரத்தும். மூன்று வாரத்துக்கு முன் என் மாமியாரின் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அரசு மருத்துவமனையில் ஊசி மூன்று போட்டாயிற்று. பேரூராட்சி அலுவலகத்துக்கு இரண்டு முறை போய் நாயை அகற்றச் சொன்னேன். "பக்கத்து வீட்டுச் சண்டையில் நாங்கள் தலையிட முடியாது" என்கிறார்கள். காவல் நிலையத்தில் பேரூராட்சிக்குப் போகச் சொல்கிறார்கள். வீட்டுக்காரரோ, "அது எங்க நாயே இல்ல, சோறு போடுறோம், அவ்வளவுதான்" என்கிறார். பணம் கொடுத்தால் நாயைப் பிடித்துக்கொண்டு போக ஏற்பாடு செய்வதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மாமியாருக்கு நான்காவது ஊசியைப் போட்டுவிடுங்கள். தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு தவணை. கடித்த நாய் நன்றாகத்தானே நடமாடுகிறது என்று 28-ஆம் நாளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். ஓ.பி. சீட்டையும் ஊசி அட்டையையும் நகல் எடுத்து வையுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே வலுவான ஆவணம் அதுதான்.

இனி பேரூராட்சி. உங்கள் புகார் நகராததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, வாயால் சொன்னீர்கள். வாயால் சொன்ன புகாருக்கு அந்த அலுவலகத்தில் பதிவேடு கிடையாது. நாளைக்கு நீங்கள் வரவே இல்லை என்றும் சொல்லலாம். இரண்டு, நாயை அகற்றச் சொன்னீர்கள். ஒருவர் வீட்டில் வளரும் நாயைச் செயல் அலுவலர் ஆள் விட்டுத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவரால் செய்ய முடியாததைக் கேட்டால், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு அவருக்கு நீங்களே காரணம் கொடுத்தவர் ஆகிறீர்கள்.

அவரால் முடிந்தவை வேறு. ஆள் அனுப்பி இடத்தைப் பார்வையிடச் செய்யலாம். அக்கம்பக்கத்தில் விசாரித்து அறிக்கை வாங்கலாம். வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து எழுத்தில் விளக்கம் கேட்கலாம். 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டப்படி, உடல்நலத்துக்குக் கேடாகவோ பிறருக்குத் தொல்லையாகவோ விலங்கு வைத்திருப்பது அகற்றப்பட வேண்டிய தொல்லை. அகற்றப்பட வேண்டியது தொல்லை. நாய் இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வேறுபாட்டை மனு முழுக்க விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். "சண்டையில் தலையிட மாட்டோம்" என்று சொல்ல அவர்களுக்கு இடமிருக்காது. நீங்கள் சண்டையைப் பற்றி எழுதவில்லை. நாய் வைத்திருக்கும் விதத்தைப் பற்றி எழுதுகிறீர்கள்.

மனு ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பெறுநர்: செயல் அலுவலர். வார்டு உறுப்பினரிடமும் தலைவரிடமும் சொல்வது உங்கள் விருப்பம், ஆனால் நோட்டீசில் கையெழுத்துப் போடுகிறவர் செயல் அலுவலர். அதற்கு முன் 14 நாட்களுக்கு ஒரு நோட்டில் குறிப்பு எடுங்கள்: தேதி, குரைக்கத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், தெருவுக்கு வந்ததா, யாரைத் துரத்தியது. "எப்போதும் குரைக்கிறது" என்ற வாக்கியத்துக்கு மதிப்பே இல்லை. "இரவு 11.40 முதல் 2.15 வரை" என்ற வாக்கியத்துக்கு மதிப்பு உண்டு. உங்கள் வாசலிலிருந்து தெரிகிற அளவுக்கு மட்டும் வீடியோ எடுங்கள். மதிலுக்கு மேல் கைப்பேசியை நீட்டி அவர்கள் வீட்டுக்குள் எடுக்க வேண்டாம். அப்படி எடுத்த மறுநாளே புகார் உங்கள் மேல் திரும்பும். எதிர்வீட்டில் சிசிடிவி இருந்தால் கடித்த நாளின் பதிவை இன்றே கேட்டு வாங்குங்கள். சில வாரங்களில் பழைய பதிவு தானாக அழிந்து புதியது ஏறிவிடும்.

உங்கள் குடும்பத்தார் நான்கு பேர் கையெழுத்துப் போட்டால் அது ஒரு வீட்டின் புகார்தான். நாயின் வீட்டுக்கு எதிர்ப்புறத்திலும் பின்புறத்திலும் இருக்கிற இரண்டு மூன்று வீட்டாரின் கையெழுத்தை, கதவு எண்ணோடு வாங்குங்கள். அதன் பிறகு இது இரண்டு வீட்டுத் தகராறு ஆகாது, தெருவின் பிரச்சினை.

மனுவின் கடைசிப் பத்தியில் நேரடியாகக் கேளுங்கள்: ஒரு வாரத்துக்குள் இடத்தைப் பார்வையிட வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கேட்டுப் பெற வேண்டும், கேட்டுக்குத் தாழ்ப்பாள் போடவும், தெருவுக்குக் கொண்டுவரும்போது கையில் பிடிக்கும் கயிறும் வாய்க்கூடும் போடவும் நோட்டீஸ் மூலம் அறிவுறுத்த வேண்டும், பார்வை அறிக்கையின் நகலை எனக்குத் தர வேண்டும். சட்டப் பிரிவு எண்களை அடுக்காதீர்கள். ஒரு எண் தவறாகப் போனால் அதைச் சுட்டிக்காட்டியே மனுவைத் திருப்புகிற அலுவலகங்கள் இருக்கின்றன.

இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். இந்த மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஸ்டாம்ப் தேவையில்லை, நோட்டரி தேவையில்லை. 30 நாள் கழித்து, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு ஒன்று போடுங்கள். மனுவின் மீது எந்தத் தேதியில் யார் என்ன நடவடிக்கை எடுத்தார், பார்வை அறிக்கையின் நகல், ஊரில் நாய் வளர்ப்புக்கு உரிமம் நடைமுறையில் உண்டா, இந்த முகவரிக்கு வழங்கப்பட்டிருக்கிறதா. இவ்வளவு கேட்டால் போதும். பதில் 30 நாளில் வர வேண்டும். அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் முறையாக ஒருவர் உங்கள் தெருவுக்கு வந்து பார்ப்பார். வருத்தமான உண்மை இது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும், முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணுக்கு அழைத்துப் பதிந்தாலும், மனு சுற்றிச் சுற்றி அதே செயல் அலுவலரின் மேசைக்குத்தான் வரும். சில நேரம் யாரும் வந்து பார்க்காமலே "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடித்தும் வைப்பார்கள். ஒரு செயல் அலுவலரிடம் இரண்டு ஊர்ப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, கடிபட்ட மூதாட்டியை அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவது நியாயமே இல்லை. முடித்து வைத்த பதிலை அச்செடுத்து, பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கு மேல்மனுவோடு இணையுங்கள்.

பணம் கேட்ட அந்த ஆளைப் பற்றி. அவர் மூன்றில் ஒன்றைச் செய்வார். நாயைப் பிடித்து அடுத்த ஊர் எல்லையில் விடுவார். அல்லது விஷம் வைப்பார். அல்லது பணத்தோடு காணாமல் போவார். கடைசியானது நடந்தால் உங்களுக்கு நஷ்டம் பணம் மட்டும். முதல் இரண்டில் குற்றவாளியாக நிற்கப்போவது நீங்கள். விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பக்கத்து வீட்டின் அலட்சியத்துக்கு அதே சட்டத்தின் 291-ஆம் பிரிவில் உள்ள தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகார் கொடுக்கப் போன நீங்கள் அதைவிடப் பெரிய வழக்கில் மாட்டுவீர்கள். 'பேரூராட்சி வண்டியையே வரவழைக்கிறேன்' என்று சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த வண்டி தெருநாய்களுக்குக் கருத்தடை செய்ய வருவது. உரிமையாளர் உள்ள நாயைப் பிடிக்க அல்ல. இன்னொரு வகை ஆட்கள், விலங்கு நலம் என்று அச்சடித்த அடையாள அட்டையைக் காட்டி இரண்டு வீட்டிலும் பணம் வாங்குவார்கள். 23 நாய் இனங்களைத் தடை செய்தாயிற்று என்று கைப்பேசியில் ஒரு காகிதத்தைக் காட்டி மிரட்டுவார்கள். ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் அனுப்பிய அந்தச் சுற்றறிக்கையை அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அலுவலக வாசலில் மனு எழுதித் தருகிறவரிடம் எழுதி வாங்குங்கள், தவறில்லை. 'உள்ளே சொல்லி முடித்துத் தருகிறேன்' என்று அவர் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது "எங்க நாயே இல்ல" என்ற பேச்சு. இதை விரிவாகச் சொல்ல வேண்டும். சிற்றூர்ப் புகார்களில் பாதி இந்த இடத்தில்தான் செத்துப்போகிறது. 291-ஆம் பிரிவு, நாயின் சொந்தக்காரர் யார் என்று கேட்கவில்லை. யாருடைய வசத்தில் இருக்கிறது என்று கேட்கிறது. ரசீது, உரிமம், வாங்கிய விவரம் எதுவும் தேவையில்லை. பகலில் அவர்கள் வளாகத்துக்குள் அவர்கள் சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது என்றால் அது அவர்கள் வசத்தில் உள்ள நாய். கழுத்துப்பட்டை, தட்டு, கூண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வருவது, கால்நடை மருந்தகத்துக்கு அவர்களே கொண்டுபோனது, இவற்றில் தெருவிலிருந்து தெரிவதைப் படமெடுத்து மனுவில் இணையுங்கள். தெருவில் வைத்துச் சோறு போடுவது மட்டும் வசம் ஆகாது. தெருநாய்க்கு உணவிடுகிறவரை அந்த நாயின் உரிமையாளர் என்று இழுத்தால் மனு நிற்காது. 2023-ஆம் ஆண்டின் விலங்கு கருத்தடை விதிகள் உணவிடுவதை ஏற்கின்றன. எங்கே, எப்படி என்பதைத்தான் ஒழுங்குபடுத்துகின்றன. உங்கள் விஷயத்தில் சங்கிலி இருக்கிறது. அது போதும்.

அப்படியும் அவர் மறுத்தால் மறுக்கட்டும், ஆனால் எழுத்தில் மறுக்கட்டும். மனுவில் ஒரு வரி சேருங்கள்: "இந்நாய் தம்முடையது அல்ல என எதிர்மனுதாரர் கூறினால், அதை எழுத்தில் பெற்று, கடித்த தெருநாயாகக் கருதி விதிப்படி நடவடிக்கை எடுக்கவும்." எழுதிக் கொடுத்துவிட்டால் கருத்தடை வண்டி வரும்போது தடுக்க அவருக்கு உரிமை இல்லை. தெருநாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் பொது விதி. ஆனால் வெறிநோய் கண்ட, அந்தச் சந்தேகம் உள்ள, மூர்க்கமான நாய்களை மீண்டும் தெருவில் விடக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுத மறுத்தால் நாய் அவருடையது. பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கேட்டுக்குத் தாழ்ப்பாள் வாங்கப் போகிறார்கள்.

குரைப்பை மட்டும் வைத்துப் போனால் உங்கள் மனு பலவீனமானது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் என்ற வரம்பு விதியில் இருக்கிறது. ஆனால் கைப்பேசிச் செயலியில் எடுத்த அளவை யாரும் ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். சங்கிலியைப் பற்றி எழுதுங்கள். நாயை நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டிக் கிடக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தத் தொகையை மாற்றாமல் வைத்திருப்பது வெட்கக்கேடு. ஆனால் உங்களுக்குப் பயன் அபராதத்தில் இல்லை. பகலெல்லாம் கட்டிக் கிடக்கும் நாய்தான் இரவெல்லாம் குரைக்கும். காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப் போனால் பெரும்பாலும் குரைப்பு குறையும். நாய்க்கும் அது விடுதலை.

காவல் நிலையத்தில் கடியைப் பற்றித் தனிப் புகார் கொடுங்கள், 291-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு. இங்கே மட்டும் பிரிவு எண் எழுதலாம். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்கள். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, முதல் தகவல் அறிக்கை அல்ல. வழக்குப் பதியாவிட்டால் அதே புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். கடித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் இது நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். 'பார்க்கலாம், பேசலாம்' என்று மாதங்களைக் கரைக்க விடாதீர்கள்.

பலரைக் கடிக்கிற நாய் என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு செய்து, அதை அடைத்து வைக்க உத்தரவு கேட்கலாம். உங்கள் நிலைக்கு அதைவிடப் பொருத்தமானது வட்ட சட்டப் பணிகள் குழு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். அவர்கள் பக்கத்து வீட்டாரை அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் பதிவாகும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு இல்லை. ஆகவே கையெழுத்துப் போடுமுன் வாசகத்தைப் பாருங்கள். "நாயைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வேன்" என்று மட்டும் இருந்தால் போடாதீர்கள். எந்தத் தேதிக்குள் தாழ்ப்பாள், சங்கிலி எவ்வளவு நீளம், இரவில் நாய் எந்தப் பக்கம் இருக்கும், அடுத்த தடுப்பூசி எந்த மாதம், மாமியாரின் மருத்துவச் செலவு எவ்வளவு, எப்போது தருவார், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும்.