ரீஃப் தொட்டிக்கு எந்த கோபி மீன் வாங்கலாம், பிஸ்டல் இறாலோடு சேர்த்தா, தனியாகவா?

நீங்கள் எழுதியது இது: 150 லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டி, ஓட ஆரம்பித்து எட்டு மாதம், இரண்டு கிளௌன் மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மென்பவளம்), மணல் இரண்டு விரல் உயரம். டைமண்ட் கோபி வாங்குங்கள், மணலைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று கடையில் சொல்கிறார்கள். உங்களுக்கோ மஞ்சள் வாட்ச்மேன் கோபி மேல் ஆசை. கொடுக்கைத் துப்பாக்கி மாதிரி 'டக்' என்று வெடிக்கும் பிஸ்டல் இறாலைச் சேர்த்தால் கண்ணாடி விரிசல் விடுமோ என்று பயமும் இருக்கிறது.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், அதில் ஒன்பது வருஷமாகத் தொட்டியில் கோபியும் இறாலும் இருக்கின்றன. மஞ்சள் வாட்ச்மேனையே வாங்குங்கள், டைகர் பிஸ்டல் இறாலோடு சேர்த்தே வாங்குங்கள், இறால் தோண்டும் சுரங்கத்தில் இரண்டும் ஒன்றாகக் குடியிருக்கும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் தொட்டிக்குள் கையை விட்டு, பாறைகளின் அடியைத் தடவிப் பாருங்கள். அடிக் கண்ணாடி மேல் உட்கார்ந்திருக்கின்றனவா, மணல் மேலா? மணல் மேல் என்றால், பாறையை எடுத்து மாற்றி அடுக்கும் வரைக்கும் இறால் வேண்டாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தொட்டியில் மணலைக் கொட்டிப் பரப்பிவிட்டு அதன் மேல் பாறையை அடுக்கியிருந்தேன், ஆட்டிப் பார்த்தால் அசையவில்லை, போதும் என்று விட்டுவிட்டேன். இறால் வந்து மூன்று வாரம் ஒரே பாறைக்கு அடியில் ராத்திரி பகலாகத் தோண்டியது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் கீழ்ப்பாறை ஒரு பக்கமாக இறங்கி உட்கார்ந்திருக்கிறது. தூக்கினேன், இறால் உயிரோடு இருந்தது, கோபி நசுங்கிப் போயிருந்தது. அதற்கப்புறம் அந்த இறால் பல நாள் வெளியே தலையே காட்டவில்லை. மீன் செத்ததற்காக என் மகள் அழுதாள், எனக்கும் அன்றைக்கு வேலைக்குப் போக மனசில்லை. ஆக, பாறை கண்ணாடியில் நிற்க வேண்டும், மணலை அதைச் சுற்றித்தான் கொட்ட வேண்டும்.

அடுத்தது மணல். உங்களிடம் இருக்கும் இரண்டு விரல் போதாது, 5 முதல் 8 செண்டிமீட்டர் வரை வேண்டும். அதிலும் ஒரே அளவுப் பொடி மணலாக இருந்தால் சுரங்கம் நிற்காது, தோண்டத் தோண்டச் சரியும். பொடியோடு கொரகொரப்பான பவள நொறுக்கு, சின்னச் சின்னச் சிப்பி ஓடு, விரல்நுனி அளவு கல் எல்லாம் கலந்து போடுங்கள், இறால் அவற்றைப் பொறுக்கி எடுத்து வாசலுக்குச் சுவர் கட்டும். கடற்கரையில்தான் இவ்வளவு மணல் கிடக்கிறதே என்று இங்கே நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். நம் கரை மணலில் பெரும்பங்கு சிலிக்கா. அதோடு, மழை பெய்தால் ஆறுகள் கொண்டுவந்து கடலில் சேர்ப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கடற்கரைகளைப் பல மாதம் மூடி வைத்திருந்தார்களே. பாக்கெட்டில் வரும் அரகொனைட் என்னும் சுண்ணாம்பு மணலே வாங்குங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, கோபியை மட்டும் வாங்கிக்கொள்ளலாமே என்றால், தாராளமாக வாங்கலாம், வாட்ச்மேன் தனியாகவும் நன்றாக இருக்கும். ஆனால் ஜோடியாகப் பார்த்தவர்களுக்குத் தனியாகப் பார்க்க மனம் வராது. கோபி என்பது நம் தாத்தாமார் ஊரில் உளுவை என்று சொல்லும் மீனின் குடும்பம்தான், தரையோடு தரையாகக் கிடக்கும், கண் மட்டும் தலை மேல் உருண்டுகொண்டிருக்கும். இறாலுக்குக் கண் பார்வை மோசம். அதனால் அது வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையைக் கோபியின் உடம்பில் வைத்துக்கொண்டேதான் வரும், எங்கள் ஆயா கடைசிக் காலத்தில் என் தோளில் கை வைத்துக்கொண்டு கோயில் படி ஏறுவார்களே, அந்த மாதிரி. ஏதாவது பெரிய மீன் பக்கத்தில் வந்தால் கோபி வாலை ஒரு சின்ன உதறு உதறும், இறால் அடுத்த கணம் உள்ளே. ஆபத்து இல்லையென்றால் இரண்டு கொடுக்கையும் சேர்த்து மணலை வாரித் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போகும். வேலை முடிந்து வந்து தொட்டி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அரை மணி நேரம் போவது தெரியாது.

கண்ணாடி பற்றிய பயத்தை விடுங்கள். சத்தம் வரும், அது உண்மை, முதல் நாள் ராத்திரி 'டக்' என்று கேட்டதும் நான் எழுந்து போய்த் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். பெரிய கொடுக்கை அது மூடும் வேகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்து ஒரு குமிழி உண்டாகிறது, அந்தக் குமிழி நொறுங்கும் சத்தம்தான் நமக்குக் கேட்கிறது. கொடுக்கு ஒன்றோடொன்று மோதுவதால் சத்தம் வருகிறது என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள், 2000-ல் டச்சு, ஜெர்மன் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, சத்தம் குமிழியிலிருந்து வருவதைக் காட்டினார்கள். ஒன்பது வருஷத்தில் என் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. இன்னொன்று, சண்டையில் அந்தப் பெரிய கொடுக்கு போய்விட்டால் பயப்பட வேண்டாம், அடுத்தடுத்த சட்டை உரிப்புகளில் மறுபக்கத்துச் சின்னக் கொடுக்கு பெரிதாகி அது பிஸ்டலாகிவிடும். என் இறாலுக்கு அப்படி ஆனது, வலது கைக்காரன் இடது கைக்காரனானான்.

டைமண்ட் கோபி உங்களுக்கு வேண்டாம். அது நாள் முழுக்க மணலை வாயில் அள்ளி, அதிலுள்ள சின்ன உயிர்களைச் சலித்துத் தின்று, மிச்சத்தைச் செவுள் வழியே கொட்டும் மீன். மணல் வெள்ளை வெளேரென்று ஆகும், சரிதான், ஆனால் 150 லிட்டரில் அந்த உயிர்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். கையால் போடும் தீனியை அது பழகிக்கொள்ளாவிட்டால் வயிறு ஒட்டிச் சாகும். போதாததற்குக் கோரல் மேலெல்லாம் மணல் மழை.

இடம் கம்மி, தோண்டுகிற எதுவும் வேண்டாம் என்றால் நியான் கோபி நல்லது, பண்ணையில் வளர்த்தது கிடைத்தால் அதையே கேளுங்கள். பச்சை, மஞ்சள் நிறத்தில் வரும் சின்ன கிளௌன் கோபி அழகுதான், ஆனால் பின்னாளில் அக்ரோபோரா என்னும் கிளைக் கோரல் வைக்கும் எண்ணமிருந்தால் யோசியுங்கள், அதன் கிளையைச் சுரண்டி முட்டை வைக்கும். சிவப்புப் பட்டையும் உயர்ந்த முதுகுத் துடுப்பும் உள்ள ஸ்டோனோகோபியாப்ஸ் வகையை ராண்டல் பிஸ்டல் இறாலோடு விடலாம், மிக அழகான ஜோடி, ஆனால் பயந்த சுபாவம், உங்கள் கிளௌன்கள் முரடாக இருந்தால் வெளியே வராது.

மூடி கட்டாயம். எந்த கோபியானாலும் குதிக்கும், பொடிக்கண் வலை போட்ட மூடி போதும். லோட் ஷெடிங் (மின்வெட்டு) நாட்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று எப்போதும் சார்ஜோடு இருக்கட்டும். மீனுக்கு நோய் வந்தால் தொட்டியில் செம்பு கலந்த மருந்து ஊற்றவே கூடாது, இறால் செத்துவிடும், கோரலும் போகும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். அப்புறம், ஒட்டாத கோரல் துண்டுகளை மணலில் வைக்காதீர்கள், இறால் இழுத்துப்போய்ச் சுவரில் வைத்துவிடும்.

வாங்கி வந்ததும் அவசரப்படாமல், ஒரு மணி நேரத்துக்கு மேலாகவே சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்துப் பழக்குங்கள். பாறைக்கு அடியில் நீங்களே விரலால் ஒரு குழி பறித்து, இறாலை ஒரு குழாய்க்குள் இறக்கி நேராக அந்தக் குழியின் வாயில் விடுங்கள், கோபியையும் அதே பக்கம் விடுங்கள். சில நாளில் ஒன்றை ஒன்று கண்டுபிடித்துக்கொள்ளும். அது வரைக்கும் இறால் கண்ணில் படாது, வாரக்கணக்கில்கூடப் படாது, செத்துவிட்டதோ என்று பாறையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். உறைய வைத்த மைசிஸ் (பொடி இறால் தீனி) கொஞ்சத்தைப் பிப்பெட்டால் வாசல் பக்கம் விட்டுக்கொண்டே இருங்கள். காலையில் விளக்கு எரிந்ததும் பாறை ஓரத்தில் நேற்று இல்லாத ஒரு மணல் குவியல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது உள்ளே வேலையில் இருக்கிறது.