மாடியில் கொதிக்கிறது, கீழே ஆறிவிடுகிறது
ஹீட் பம்ப் (காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சுடவைக்கும் மின்கருவி) வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், குழாயை மட்டும் மாற்றுங்கள். மயிலாப்பூர் பழைய வீடு, மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர், கீழே ஒரு வாளி வீணான பிறகுதான் வெந்நீர் என்கிறீர்கள். வெளிச்சுவரில் இறங்கும் ஒரு அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் மீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். 20 மீட்டருக்கு 10 லிட்டரைத் தாண்டிவிடும். ராத்திரியில் அத்தனையும் ஆறிப்போகும்.

விடியற்காலையில் மாடியில் ஹீட்டர் தொட்டியின் வாயிலேயே ஒரு சொம்பில் பிடித்துப் பாருங்கள். சுடச்சுட வந்தால் ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. கீழே இறங்கும் குழாயை அரை அங்குல சிபிவிசியாக (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) மாற்றி, நுரை உறை மாட்டினால் போதும். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு மூன்று சொம்புதான் வீணாகிறது.

அங்கேயே வெதுவெதுப்பு என்றால், போர் தண்ணீர் உப்பு ஹீட்டரின் டியூபில் படிந்திருக்கலாம். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம், மேல்தள ஷவருக்கு அரை அங்குலம் வேண்டாம், அழுத்தம் போதாது.