அனிமேட்டருக்குப் புரோகிராமிங் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விளம்பரங்களுக்கு 2டி அனிமேஷன் செய்கிறேன். நாள் முழுக்க ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில்தான். சின்னதாக ஒரு விளையாட்டை நானே செய்து பார்க்க ஆசை. விளையாட்டு செய்யும் மென்பொருளான (கேம் எஞ்சின்) யூனிட்டிக்கு வீடியோ பாடம் ஒன்று வாங்கினேன். பாடம் நடத்துபவர் டைப் அடிப்பதை அப்படியே அடித்தால் ஓடுகிறது. சொந்தமாக ஒரு வரி எழுத வரவில்லை. பிளஸ் டூவோடு கணக்கை விட்டவன் நான். எதில் தொடங்கலாம்? யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம். திறந்ததும் விரிகிற பேனல்களில் முக்கால்வாசி உங்களுக்கு இன்று தேவைப்படாதவை.

உங்களைத் தடுப்பது கணக்கு இல்லை, டைம்லைன் பழக்கம் என்று நினைக்கிறேன். 40ஆவது ஃபிரேமில் பந்து எங்கே இருக்கும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். எந்த ஃபிரேமில் எது எங்கே என்று குறிக்கும் கீஃபிரேமை வைத்ததே நீங்கள்தானே. விளையாட்டில் அந்த நேரத்தில் ஆடுகிறவர் எந்தப் பட்டனை அழுத்துவார் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே இந்த ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்கு எப்படிப் போவது என்ற விதியைத்தான் எழுதி வைக்க முடியும். அது நொடிக்கு 60 முறை ஓடும். இது பிடிபடாமல் எந்த எஞ்சினுக்குப் போனாலும் பார்த்து எழுதுவதாகத்தான் முடியும்.

பி5.ஜேஎஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் புரோகிராம் எழுதட்டும் என்று கேசி ரியாஸும் பென் ஃபிரையும் 2001இல் எம்ஐடி மீடியா லேபில் தொடங்கிய புராசஸிங் என்ற புரோகிராமிங் மொழியின் ஜாவாஸ்கிரிப்ட் வாரிசு அது. இலவசம். பிரவுசரிலேயே எழுதி அங்கேயே ஓட்டலாம். பழைய லேப்டாப் போதும். செட்அப், டிரா என்று இரண்டு பகுதி. முதலாவது ஒரே முறை ஓடும், இரண்டாவது திரும்பத் திரும்ப ஓடும். மேல் இடது மூலைதான் பூஜ்யம், ஒய், அதாவது மேல்கீழ் இடத்தைச் சொல்லும் எண், கீழ்நோக்கி ஏறும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் அப்படித்தான் என்பதால் உங்களுக்குக் குழப்பம் வராது.

அனிமேஷன் வகுப்பில் முதலில் செய்திருப்பீர்களே, துள்ளும் பந்து, அதையே செய்யுங்கள். பந்தின் ஒய், அதன் வேகம் என்று இரண்டு வேரியபிள், அதாவது மாறும் எண்ணுக்கு வைக்கிற பெயர். டிராவுக்குள் ஒவ்வொரு முறையும் வேகத்தோடு 0.5 கூட்டுங்கள், ஒய்யோடு வேகத்தைக் கூட்டுங்கள். புவியீர்ப்பு வந்துவிட்டது. ஒய் தரையைத் தாண்டினால் வேகத்தை மைனஸ் 0.8ஆல் பெருக்குங்கள். பந்து எழும்பும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழ்வாக. பின்னணியை நிரப்பும் வரியை டிராவிலிருந்து எடுத்துவிட்டால் பழைய பந்துகள் அழியாமல் நிற்கும், முந்தைய ஃபிரேம்களையும் சேர்த்துக் காட்டும் ஆனியன் ஸ்கின் போட்டதுபோல. அந்த வரியை எடுக்கும்போது பந்தைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் நகர்த்துங்கள்; நீங்கள் கையால் போட்ட அதே இடைவெளிகள், மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும், தானாக விழுந்திருப்பதைப் பார்க்கலாம்.

சில துள்ளலுக்குப் பிறகு பந்து தரைக்குள் நடுங்கிக்கொண்டே புதையும். பதறாதீர்கள். இணையத்திலும் உடனே தேடாதீர்கள். ஒய், வேகம் இரண்டையும் ஃபிரேம் ஃபிரேமாக நோட்டில் எழுதிப் பாருங்கள். தரைக்குக் கீழே போன பந்து அடுத்த ஃபிரேமிலும் வெளியே வராவிட்டால் வேகத்தின் திசை மறுபடி கீழ்நோக்கித் திரும்பிவிடுகிறது. திசையை மாற்றும்போதே பந்தைத் தரைமட்டத்தில் தூக்கி வைத்தால் சரி. இதை நீங்களே கண்டுபிடித்தால் விலை கொடுத்து வாங்கிய அந்தப் பாடத்தைவிட அதிகம் கற்றிருப்பீர்கள்.

அப்புறம் மவுஸ். பந்துக்கும் மவுஸுக்கும் உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு ஃபிரேமிலும் பந்தின் இடத்தோடு கூட்டுங்கள். வேகமாகக் கிளம்பி மெதுவாகப் போய் நிற்கும். கிராஃப் எடிட்டரில் வளைவை இழுத்து இழுத்துச் செய்கிற ஈஸ், ஒரே வரியில்.

இந்த ‘ஒவ்வொரு ஃபிரேமிலும்’ என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. 1978இல் தோமோஹிரோ நிஷிகாதோ ஸ்பேஸ் இன்வேடர்ஸ் செய்தபோது, எதிரிகள் சாகச் சாக வரைய வேண்டிய உருவங்கள் குறைந்து மிச்சமிருப்பவை வேகமெடுத்தன. வன்பொருளின் குறைதான். அது ஆட்டத்துக்கு விறுவிறுப்புக் கூட்டுகிறது என்று அவர் அப்படியே விட்டுவிட்டார். உங்களுக்கு அந்த விளைவு வேண்டாம் என்றால் ஃபிரேம்களை எண்ணாமல், போன ஃபிரேமிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்பதைக் கொண்டு நகர்த்த வேண்டும். பி5இல் அதற்கு டெல்டாடைம் இருக்கிறது. ஆனால் இது இரண்டாம் மாதத்துச் சமாச்சாரம்.

அனிமேட்டர்கள் வழக்கமாக இடறும் இடம் வேறு. ஒருவன் குதிப்பதற்கு முன் முழங்காலை மடக்கிக் கீழே அமுங்குவானே, ஆன்டிசிபேஷன், அது இல்லாமல் உங்களுக்குக் கை ஓடாது. விளையாட்டில் அதற்குப் பத்து ஃபிரேம் கொடுத்துப் பாருங்கள், பட்டன் வேலை செய்யவில்லை என்பார்கள். ஆடுகிறவரின் உருவம் முதலில் தரையைவிட்டு எழும்ப வேண்டும். அமுங்கலும் நசுங்கலும் வந்து இறங்கும்போது தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எதிரி உருவத்துக்கு நேர்மாறு: அது அடிப்பதற்கு முன் கையை நன்றாக ஓங்கட்டும், அதைப் பார்த்துத்தான் ஆடுகிறவர் தப்பிக்க முடியும். புரோகிராமிங்கிலிருந்து வருகிறவர்களுக்கு இது லேசில் வராது, உங்களுக்கு வரும்.

கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதுவரை சொன்னதில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலைத் தாண்டி ஏதாவது வந்ததா? சைன் ஒரு நாள் தேவைப்படும், ஏதாவது ஒன்று காற்றில் மிதந்து ஆட வேண்டியிருக்கும்போது. அன்றைக்குப் படித்துக்கொள்ளலாம்.

பந்து முடிந்ததும் பாங். 1972இல் அடாரி வெளியிட்டது: இரண்டு மட்டை, ஒரு பந்து, ஸ்கோர். மோதலைக் கண்டுபிடிப்பது, கீபோர்டில் எது அழுத்தப்பட்டது என்று கேட்பது, ஆட்டம் தொடங்கவில்லை, நடக்கிறது, முடிந்துவிட்டது என்ற நிலைகளைப் பிரிப்பது எல்லாம் அதிலேயே அடக்கம். அதை எந்த வீடியோவும் பார்க்காமல் முடித்துவிட்டால் கோடோவை இறக்கிக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம்தான்.